மொழி மூளையின் எந்தப் பக்கம்?

“இவன் வலது மூளைக் குழந்தை, அவள் இடது மூளைக் குழந்தை” என்று மாணவர்களைப் பிரித்துப் பேசுவதைப் பயிற்சி வகுப்புகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். மூளை ஆய்வு கூறுவது வேறு.

1861இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, பேச்சை இழந்த ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடது முன்பகுதி பாதிக்கப்பட்டிருந்ததைக் கண்டார். மொழிப் பணியில் பெரும்பாலோருக்கு இடது அரைக்கோளமே முன்னிற்கிறது. வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேரும், இடக்கைப் பழக்கமுள்ளவர்களில் சுமார் 70 பேரும் இவ்வகையினர். எனவே எழுதும் கையை வைத்து மொழி எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய இயலாது.

மருத்துவர்களுக்கு இதைத் துல்லியமாக அறியும் தேவை எப்போது எழுகிறது? மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்யும்போது. வலிப்பு தொடங்கும் பகுதியை நீக்கினாலும் குழந்தையின் பேச்சு போய்விடக் கூடாது அல்லவா? முன்பு, ஜப்பானிய மருத்துவர் ஜுன் வாடா 1949இல் வெளியிட்ட முறையே வழக்கில் இருந்தது. கழுத்துத் தமனி வழியே மருந்து செலுத்தி, மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடங்கள் உறங்கவைத்துப் பேசச் சொல்வார்கள். சிறு குழந்தைகளுக்கு இது கடினம்.

இன்று செயல்சார் எம்.ஆர்.ஐ. உதவுகிறது. வேலை செய்யும் மூளைப் பகுதிக்கு ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது; அந்த மாற்றத்தைக் கருவி பதிவு செய்கிறது. ஊசியோ கதிர்வீச்சோ தேவையில்லை. குழந்தை அசையாமல் படுத்துக் கதை கேட்கும். அல்லது ‘பந்து’ என்றதும் ‘எறி’, ‘உதை’ என மனத்துக்குள் வினைச்சொற்களை நினைக்கும். பயிற்சி, குழந்தைக்குப் பழகிய மொழியிலும் அதன் வயதுக்கேற்பவும் இருந்தால்தான் முடிவை நம்ப முடியும்.

இளங்குழந்தைகள் மொழிக்கு இரு பக்கங்களையும் பயன்படுத்துகிறார்கள். வளர வளர இடப்பக்கம் வலுப்பெறுகிறது. மிக இளம் வயதில் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால், வலப்பக்கம் அப்பணியை ஏற்பதும் உண்டு.

என் வகுப்பிலும் வலிப்பு நோய்க்கு மருந்து உண்ணும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். விடை தெரிந்தாலும் சொல் வரத் தாமதமாகும். பிறர் முந்திக்கொள்ளாதபடி சற்றுக் காத்திருந்தால் சொல்லிவிடுகிறாள். இத்தகைய குழந்தைகளின் வாய்மொழித் தேர்வுக்குக் கூடுதல் நேரம் தருவோம். இடக்கையால் எழுதுவோரைக் கை மாற்றச் சொல்லாதிருப்போம். சொல் தேடும் தடுமாற்றம் புதிதாகத் தெரிந்தால் பெற்றோரிடம் கூறுவோம். மருத்துவருக்கு அது பயன்படும் தகவல்.