கிளட்ச் பிளேட்டை மாற்றும் முன் ஆயில் பில்லைத் தேடுங்கள்

ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம்தான் ஏறுகிறது, வண்டி ஏறுவதில்லை. மெக்கானிக் "கிளட்ச் பிளேட் போச்சு" என்கிறார். புது பிளேட் போட்ட கொஞ்ச நாளிலேயே திரும்பவும் அதே கதை. கீரமங்கலம் பூச்சந்தைக்கு மூட்டை ஏற்றிப் போகிறவர்கள் தொடங்கி கல்லூரிப் பிள்ளைகள் வரை இப்படிப் பணத்தைக் கொட்டுகிறார்கள். உள்ளே என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

இன்றைய கியர் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் இன்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். காரின் கிளட்ச் பொதுவாக அந்த ஆயிலில் நனைவதில்லை, அதனால் பாதகமில்லை. பைக்கிலோ பிளேட்டுகள் பிடிக்காமல் வழுக்கும். டப்பாவின் பின்பக்கம் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்றிருந்தால் கியர் பைக்குக்கு. 'எம்பி' என்றால் ஸ்கூட்டருக்கு. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்பார். ஒன்றில்லை. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் எந்த எண், எந்தத் தரம் என்று அச்சடித்தே இருக்கிறது. அதை பீரோவில் பூட்டி வைத்துவிட்டு மெக்கானிக் வாயைப் பார்த்து நிற்கிறோம்.

பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லில் பெட்ரோலோடு 2டி ஆயில் கலந்து ஓட்டிப் பழகியவர்கள், எக்ஸ்எல் 100 வந்தபிறகு ஆயிலையே மறந்துவிட்டார்கள். இது ஃபோர் ஸ்ட்ரோக். 2டி கலக்க வேண்டாம், ஆனால் இன்ஜின் ஆயிலை உரிய கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும்.

ஸ்கூட்டரில் இன்னொரு வம்பு. இன்ஜின் ஆயில் தனி, பின்சக்கரத்தை ஒட்டிய கியர் பெட்டியின் ஆயில் தனி. ஆக்டிவா போன்ற வண்டிகளில் இது ஒரு டம்ளருக்கும் குறைவு, சுமார் 100 முதல் 120 மில்லி. அளவு சிறிது என்பதாலேயே சர்வீஸில் இதைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். பின்பக்கம் 'ஙொய்' என்று இரைச்சல் கேட்டால் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். அங்கே ஆயில் சீல் போனால் கசிவு டிரம்முக்குள் இறங்கி பிரேக் ஷூவை நனைக்கும். பின் பிரேக் பிடிக்காது. "லேசாத்தானே கசியுது" என்று அறந்தாங்கி சாலையில் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போகாதீர்கள்.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஐஸ் பெட்டி கட்டி மீன் விற்கப் போகிற வண்டிகளில் உப்புத் தண்ணீர் நாள் முழுக்க இன்ஜின் மேலும் செயின் மேலும் வடிகிறது. அப்படிப்பட்ட வண்டியின் செயின் கவருக்குள் ஆயில் பசை தெரிந்தால் அந்தப் பக்கத்து சீலைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியையோ கிக் அடிக்கவே கூடாது. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். ஆயிலை வடித்துவிட்டுப் பிறகுதான் மற்றது. இன்சூரன்ஸ்காரர்கள், தண்ணீரோடு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சொல்லிக் கையை விரிப்பார்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இனி காகிதம். இங்கேதான் நம் ஆட்கள் தோற்கிறார்கள்.

வாரண்டி வண்டியில் கியர் பாக்ஸ் கோளாறு என்று போனால் ஷோரூம் கேட்கும் முதல் கேள்வி, "வெளியே ஆயில் மாத்தினீங்களா?" அதற்குப் பதில் வாயால் சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஜாப் கார்டு நகல் வாங்குங்கள். அதில் கிலோமீட்டர், நீங்கள் சொன்ன குறை, ஊற்றிய ஆயிலின் பெயர், அளவு நான்கும் இருக்க வேண்டும். "சத்தம்" என்று ஒரு சொல்லை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினால் போடாதீர்கள். மூன்றாவது கியர் நழுவுகிறது என்றால் அப்படியே எழுதச் சொல்லுங்கள். பில் வாங்குங்கள். பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

ஆயில் டப்பாவில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் வாங்கினாலோ அளவு குறைந்தாலோ போக வேண்டிய இடம் போலீஸ் ஸ்டேஷன் அல்ல, தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டம் அவர்கள் கையில். கள்ள டப்பா என்று சந்தேகம் இருந்தால்தான் போலீஸ். காலி டப்பாவை, மூடியோடு, எறியாமல் வையுங்கள்.

ஷோரூம் இழுத்தடித்தால் முதலில் எழுத்தில் புகார், முத்திரையோடு ஒப்புகை. அடுத்து நிறுவனத்துக்கு மின்னஞ்சல். பிறகு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். ஆனால் அவர்கள் சமரசம்தான் பேசுவார்கள், உத்தரவு போட முடியாது. உத்தரவு வேண்டுமென்றால் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விராலிமலை, கீரனூர்க்காரர்கள் திருச்சியில் வண்டி வாங்கிவிட்டு, அங்கேதான் வழக்குப் போட வேண்டும் என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

பூவும் மீனும் விற்கிறவர்களிடம் "நீங்க வியாபாரத்துக்கு ஓட்டுறீங்க, நுகர்வோர் இல்ல" என்று மிரட்டுவார்கள். சுயதொழிலால் பிழைக்க வாங்கிய வண்டிக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்.

பழைய ஆயிலை வடிக்கும்போது கொஞ்சம் சுத்தமான பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி ஒட்டி, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கூட ஆய்வு தேவையென்றால் ஆணையமே மாதிரிக்கு முத்திரையிட்டு அனுப்பும். அதற்கான தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஆய்வில்லாத வழக்குக்கு மூன்று மாதம், ஆய்வு உள்ளதற்கு ஐந்து மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது. வாய்தா எத்தனை என்பது வேறு விஷயம்.

கடைசியாகக் காலக்கெடு, இதில்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். "பார்ட்ஸ் சென்னையிலிருந்து வரணும்", "மேனேஜர் லீவு" என்று அவர்கள் கடத்துகிற மாதங்களும், நீங்கள் 1915க்குப் பேசிக்கொண்டிருந்த மாதங்களும் அந்த இரண்டு ஆண்டுக்குள்தான் கழிகின்றன.