வழுக்கை விழுந்தால் வாழ்க்கை விழுந்துவிடுமா?

வீட்டில் ஒருவருக்குக் கண் மங்கினால் கண்ணாடி வாங்கிக் கொடுக்கிறோம். பல் விழுந்தால் பல் கட்டச் சொல்கிறோம். ஆனால் இருபத்தைந்து வயது இளைஞனுக்கு நெற்றி ஏறத் தொடங்கினால் மட்டும் சிரிக்கிறோம். "என்னப்பா, தலையில வெயில் பட்டு என் கண்ணு கூசுதே!" என்று பெரட்டில் ஒருவர் சொல்வார், பத்துப் பேர் சிரிப்பார்கள். சொன்னவர் அன்றே மறந்துவிடுவார். கேட்டவன் மறப்பதில்லை.

அவன் பிறகு என்ன செய்கிறான் என்று கவனித்திருக்கிறீர்களா? வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்ற மாட்டான். கல்யாண வீட்டில் படம் எடுக்கும்போது பின்வரிசைக்குப் போய்விடுவான். பெண் பார்க்கப் போகலாம் என்றால், "இப்போது வேண்டாம்" என்பான். நாம் அதைக் கூச்சம் என்கிறோம்; சிலர் கர்வம் என்கிறார்கள். உண்மையில் அது தாழ்வு மனப்பான்மை. அதை விதைத்தது முடி அல்ல, நம் நாக்கு.

முடி ஏன் கொட்டுகிறது?

நம் தலையில் ஏறக்குறைய 1,00,000 முடிகள் உள்ளன. தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது இயற்கை. ஆண்களுக்கு வரும் வழுக்கை பெரும்பாலும் பரம்பரையால் வருவது. ஆண்களின் உடலில் சுரக்கும் ஒருவகை ஹார்மோன், பிறவியிலேயே அதைத் தாங்காத முடிவேர்களைச் சிறிது சிறிதாகச் சுருக்கிவிடுகிறது. இந்தத் தன்மை தாய்வழியிலும் வரலாம், தந்தைவழியிலும் வரலாம். தொப்பி போட்டதாலோ, ஆற்றுத் தண்ணீரில் குளித்ததாலோ வருவதல்ல.

வட்ட வட்டமாக முடி உதிரும் புழுவெட்டு வேறு. அதில் புழு எதுவும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குகிறது. கடுமையான காய்ச்சலுக்குப் பின் கொட்டும் முடி, பெரும்பாலும் சில மாதங்களில் மீண்டும் வளர்ந்துவிடும். எந்த வகை என்பதைக் கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கைக்காசு பத்திரம்

மினோக்ஸிடில் என்ற தலையில் தடவும் மருந்துக்கு 1988-லும், பினாஸ்டரைட் என்ற மாத்திரைக்கு 1997-லும் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. இவை சிலருக்குப் பலன் தரும்; நிறுத்தினால் பலனும் போய்விடும். மாத்திரையால் சிலருக்கு இல்லற ஆசை குறையலாம், மனச்சோர்வும் வரலாம். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். இரவுச் சந்தையில், "ஒரே மாதத்தில் முடி வளரும்" என்று கூவி விற்கும் மருந்துப் புட்டியில், எம்.ஏ.எல். என்று தொடங்கும் அரசாங்கப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்குங்கள்.

மொட்டைக்கு மரியாதை, வழுக்கைக்குக் கேலியா?

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் ஏறும் எத்தனையோ பக்தர்களின் தலை மொட்டையாக இருக்கிறது. யாராவது சிரிக்கிறோமா? நேர்த்திக்கடன் என்று மதிக்கிறோம். முருகனுக்குக் கொடுத்த முடிக்கு மரியாதை, இயற்கை எடுத்துக்கொண்ட முடிக்குக் கேலி. இது என்ன நியாயம்?

நம் நாட்டுக் கதையாக 2016-இல் வந்த 'கபாலி'யில் ரஜினிகாந்தைக் கண்டு கைதட்டினோம். திரையில் அடர்ந்த முடியோடு வரும் அவர், பொது மேடைகளில் பொய்முடி வைக்காமல் வழுக்கைத் தலையுடனே வந்து நிற்கிறார். அவருடைய மதிப்பு ஒரு மயிரிழையும் குறையவில்லை.

பெற்றோர்களே, பிள்ளைகளின் முன்னால் யாருக்கும் 'வழுக்கை', 'சொட்டை' என்று பட்டப்பெயர் வைக்காதீர்கள். வீட்டில் கற்றதைத்தான் அவர்கள் பள்ளித் திடலில் சொல்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர்களே, மாப்பிள்ளையின் உழைப்பையும் குணத்தையும் குடிப்பழக்கத்தையும் விசாரியுங்கள், தலைமுடியை எண்ணாதீர்கள். உங்கள் வீட்டு இளைஞன் சாப்பிடாமல், தூங்காமல், வேலைக்கும் போகாமல் ஒதுங்கினால், "முடிக்காகவா இப்படி?" என்று ஏசாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

தம்பி, உனக்கும் ஒரு வார்த்தை. முடி போனால் போகட்டும். தொப்பியைக் கழற்றிவிட்டு முன்வரிசையில் வந்து நில்.