ஒரு வேலைக்கு ஒரு கணிப்பொறி



நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை இளக்கிக் கொடுத்ததையும், கவச வளையங்களை அளவோடு செய்யும்படி பணித்ததையும் திருக்குர்ஆனின் ஸபா அத்தியாயத்தில் காண்கிறோம். உலோகத்தை அளவறிந்து வடிக்கும் தொழில் நமக்கு அந்நியமானதன்று. கி.பி. 1206-இல் தமது இயந்திர நூலை நிறைவு செய்த அல்-ஜஸரீ, சுழலும் உருளையில் முளைகளைப் பதித்து, அவை நெம்புகோல்களைத் தட்டுவதால் மேளம் கொட்டும் பாவைகளை அமைத்தார். 1952-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில், துளையிட்ட நாடாவின் கட்டளைப்படி இயங்கும் மில்லிங் இயந்திரம் இயக்கிக் காட்டப்பட்டது. இன்று அந்தக் கட்டளைகளைப் பிறப்பிக்க ஒரு சாதாரணக் கணிப்பொறியே போதும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய நம் ஊர்களின் வாழ்வு தோலையும் காலணியையும் சார்ந்தது. பணப்பையிலும் பெல்ட்டிலும் பெயரோ சின்னமோ பதிக்கப் பித்தளை அச்சு வேண்டும். மேசைமேல் வைக்கத்தக்க சிறு மில்லிங் இயந்திரம் இருந்தால் அதை வீட்டிலேயே செதுக்கலாம். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்துவிட்டு வளைகுடா விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு கைத்தொழிலாக அமையும்.

ஆனால், இயந்திரத்திற்குப் பணத்தைச் செலவிட்டபின், பிள்ளைகள் படிக்கும் கணிப்பொறியையே அதனோடு இணைத்துவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். இது சிக்கனம் போலத் தோன்றும். முடிவில் நட்டமே தரும்.

தனிக் கணிப்பொறி ஏன்?

இவ்வகை இயந்திரத்தின் ஸ்டெப்பர் மோட்டார் பெரும்பாலும் 200 அடிகளில் ஒரு சுற்றை முடிக்கும். ஒவ்வோர் அடியையும் பத்தாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 2,000 மின்துடிப்புகள். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகானால், ஒரு மில்லிமீட்டருக்கு 400 துடிப்புகள். நொடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் மேசை நகர, நொடிக்கு 4,000 துடிப்புகள் சீராகச் செல்லவேண்டும். இரு துடிப்புகளுக்கு நடுவே உள்ள நேரம் 250 மைக்ரோ நொடிகளே.

அந்த வேளையில் கணிப்பொறி வைரஸ் சோதனையிலோ விளையாட்டிலோ இறங்கினால் துடிப்பு தாமதமாகும். மோட்டார் அடி தவறும். தவறியதை உணரும் வழி இத்தகைய மோட்டாருக்கு இல்லை. விலகிய இடத்திலிருந்தே அது வெட்டிக்கொண்டு போகும். பித்தளை வீணாகும், கூரிய வெட்டுக்கருவி முறிந்து தெறிக்கவும் கூடும்.

தேர்வும் அமைப்பும்

புதிய கணிப்பொறி தேவையில்லை. முன்பு அச்சுப்பொறியை இணைக்கப் பயன்பட்ட, 25 துளைகள் கொண்ட பேரலல் போர்ட் உள்ள பழைய மேசைக் கணிப்பொறி போதும். மடிக்கணினி வேண்டாம், அதன் மின்சேமிப்பு ஏற்பாடுகள் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும்.

லினக்ஸ்-சி.என்.சி. என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. 1990களில் அமெரிக்க அரசின் தர அளவை நிறுவனமான நிஸ்ட் உருவாக்கிய மென்பொருளிலிருந்து வளர்ந்தது இது. இதிலுள்ள தாமதச் சோதனையை முதலில் ஒரு மணி நேரமேனும் ஓடவிடுங்கள். சாளரங்களைத் திறந்து மூடி, கணிப்பொறிக்குச் சுமை கொடுத்துப் பாருங்கள். மிக அதிகமான தாமதம் 20 மைக்ரோ நொடிக்குள் இருந்தால் மிக நன்று. 50 வரை இருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். 100-ஐத் தாண்டினால், துடிப்புகளைத் தானே உண்டாக்கும் தனி அட்டையைப் பொருத்துங்கள். அன்றேல் வேறு கணிப்பொறியைத் தேடுங்கள்.

பயாஸ் அமைப்பில் மின்சேமிப்பை நிறுத்திவிடுங்கள். இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வரைபடத்தை வேறு கணிப்பொறியில் தயாரித்து, கட்டளைக் கோப்பை மட்டும் பென் டிரைவில் கொண்டுவாருங்கள்.

வீட்டின் பாதுகாப்பு

உலோகத் துகள் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே கணிப்பொறியை, காற்று வடிகட்டி பொருத்திய மூடிய பெட்டியில், இயந்திரத்திலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். எர்த் இணைப்பு கட்டாயம். பாதியில் மின்சாரம் நின்றால் மேசை நின்ற இடம் கணிப்பொறிக்குத் தெரியாது, யு.பி.எஸ். வைப்பதுடன், தொடக்க இடத்தை உணர்த்தும் சுவிட்சுகளையும் பொருத்துங்கள். அவசரத்தில் நிறுத்தும் சிவப்புப் பொத்தானை மென்பொருளை மட்டும் நம்பி விடாதீர்கள். அதை அழுத்தியதும் மோட்டார்களின் மின்சாரமே அறுபட வேண்டும்.

தாய்மார்களே! இயந்திரம் ஓடும் அறைக்குள் சிறுவர்களை விடாதீர்கள். கண்ணாடி அணியாமலும், துப்பட்டாவோ தளர்ந்த கையுடையோ தொங்கவும் எவரும் அருகில் நிற்கலாகாது.

தந்தைமார்களே! இதற்காக வட்டிக்குக் கடன் வாங்க வேண்டாம். முதலில் மகன் மெழுகிலும் மரத்திலும் வெட்டிப் பழகட்டும். கை தேர்ந்தபின் பித்தளையை வாங்கலாம். அந்தக் கணிப்பொறியை மட்டும் மற்றெவரும் தொடாதபடி அவனிடமே விட்டுவிடுங்கள்.

நம் பிள்ளைகளின் உழைப்பில் வல்ல நாயன் பரக்கத் செய்வானாக! ஆமீன்.