ஐந்தரை ஆண்டு அப்பியாசம்

கொல்கத்தாவின் தென்மேற்கில் தாராதலா, பெஹாலா, டாக்கூர்புக்கூர் என்று ஒன்றையொட்டி ஒன்றாக நீண்டு செல்லும் குடியிருப்புகளினூடே, முன்னொரு காலத்தில் டிராம் வண்டி ஓடியதும் இப்போது தலைக்குமேல் மெட்ரோ ரயில் ஓடுவதுமான டயமண்ட் ஹார்பர் சாலையில் தெற்கு நோக்கிப் போனால், அந்த மெட்ரோப் பாதை முடிகிற ஜோகாவில், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் ஆஸ்பத்திரியும் அதனோடு சேர்ந்த மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. நம் ஊரில் இ.எஸ்.ஐ. என்று சொல்லிப் பழகிய அதே கழகந்தான். சென்னைக் கே.கே. நகரில் அது நடத்தும் கல்லூரியைப் போலவே ஜோகாக் கல்லூரியும் 2013-ஆம் ஆண்டில் எம்.பி.பி.எஸ். மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. இதன் கட்டில்களில் படுத்திருப்பவர்களில் பெரும்பாலோர், மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத சம்பளம் வாங்கும் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாருமே. கூலியில் நூறு ரூபாய்க்கு 75 காசு வீதம் தொழிலாளி செலுத்த, முதலாளி தம் பங்காக 3 ரூபாய் 25 காசு சேர்க்க, அவ்விதம் திரண்ட சந்தாப் பணத்தில் நடக்கும் ஸ்தாபனம் இது. ஆகவே இங்கே வைத்தியம் கற்க வரும் பிள்ளை, தன் முன்னே படுத்திருக்கும் நோயாளியின் காசிலேயே கற்கிறது. இந்த உண்மையை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவப் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம்.

எம்.பி.பி.எஸ். என்பது நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு ஆஸ்பத்திரிப் பயிற்சியும் கூடியது. முதற் கட்டத்தில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல். இரண்டாம் கட்டத்தில் நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல். அதன் பிறகு சமுதாய மருத்துவம், சட்டமருத்துவம் முதலியவற்றோடு பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், கண், காது-மூக்கு-தொண்டை ஆகியன. இந்த வரிசை பல தலைமுறைகளாக ஏறக்குறைய மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. மாறியிருப்பது வரிசையன்று, கற்பிக்கும் முறை; அந்த மாற்றத்தின் கனம், பிள்ளைகளை இப்படிப்புக்கு அனுப்பும் பெற்றோருக்கும் சரி, அவர்களிடம் பின்னாளில் நாடி பிடித்துப் பார்க்கக் கை நீட்டப்போகும் நமக்கும் சரி, இன்னும் சரிவரத் தெரிந்தபாடில்லை.

மாற்றத்தை எடைபோடப் பழைய கதையிலிருந்து தொடங்கவேண்டும். கல்கத்தா மருத்துவக் கல்லூரி 1835 ஜனவரியிலும், சென்னையில் பின்னர் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த வைத்தியப் பள்ளி அதற்கு அடுத்த பிப்ரவரியிலும் தொடங்கப்பட்டன. மறு ஆண்டு, சமஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்பித்துவந்த பண்டிதர் மதுசூதன் குப்தர், பிரேதத்தைத் தொடுவதே ஜாதிப்பிரஷ்டத்துக்குரிய குற்றம் என்று கருதிய சமூகத்தின் நடுவே நின்றுகொண்டு, கல்கத்தாவில் தம் கையாலேயே மனித உடலை அறுத்துப் பார்த்தார். பெண்களுக்குக் கதவைத் திறந்ததில் மட்டும் சென்னைக்கே முதலிடம். 1875-இலேயே அங்கே பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். கல்கத்தாவில் இடம் கிடைக்காத காரணத்தால், பின்னாளில் விஞ்ஞானி ஜகதீஸ் சந்திர போஸின் மனைவியாரான அபலா தாஸ் 1882-இல் மருத்துவம் படிக்கச் சென்னைக்கு வரவேண்டியிருந்தது. கல்கத்தாக் கல்லூரி தன் முதல் மாணவியான காதம்பினி கங்கூலிக்கு இடமளித்தது 1884-இல்தான். மதுசூதனர் காலத்து அச்சமெல்லாம் வங்காளத்தில் இன்று வெகுவாக மாறிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் முதலமைச்சராயிருந்த ஜோதி பாசுவின் உடல், 2010 ஜனவரியில், அவர் முன்பே எழுதிவைத்திருந்தபடி எஸ்.எஸ்.கே.எம். ஆஸ்பத்திரிக்கு மாணவர்களின் படிப்புக்காக ஒப்படைக்கப்பட்டது. இப்போதைய பாடத்திட்டத்தில், மேஜைமேல் கிடத்தியிருக்கும் அந்த உடலே மாணவனின் முதல் ஆசிரியர் என்பதை அவன் மனத்தில் பதியவைப்பதற்கென்றே முதலாண்டில் தனியாக ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். வைத்தவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

பழைய முறையின் குறை என்ன? 1997-ஆம் ஆண்டு விதிகளின்கீழ் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த படிப்பில், இன்ன பாடத்தை இத்தனை மணி நேரம் கேட்டான், இறுதித் தேர்வில் இத்தனை மதிப்பெண் எடுத்தான் என்பதைக் கொண்டே மாணவன் எடைபோடப்பட்டான். இதயத்தின் அறைகளையும் வால்வுகளையும் பிழையின்றி வரைந்து காட்டக்கூடியவன், மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்கும் ஒரு கிழவரை உட்காரவைத்து, என்ன செய்கிறது என்று நிதானமாகக் கேட்டு, மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை எங்கெங்கே வைக்கவேண்டுமோ அங்கங்கே வைத்து, கேட்டதைக் கேஸ் ஷீட்டில் ஒழுங்காக எழுதத் திணறுவான். அறிவு இருந்தது, அது கைக்கும் நாவுக்கும் இறங்கவில்லை. இதை உத்தேசித்தே இந்திய மருத்துவக் கவுன்சில், தான் கலைக்கப்பட்டுத் தன் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் அமைவதற்கு முன்பு, 2019-இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து திறன் அடிப்படையிலான பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. மூன்று தொகுதிகளாக வெளியான அந்த ஆவணத்தில் ஏறத்தாழ மூவாயிரம் திறன்கள் எண்ணிட்டு எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை மாணவன் அறிந்திருந்தால் போதுமா, எப்படிச் செய்வது என்று தெரிந்திருக்கவேண்டுமா, ஆசிரியர் முன் செய்து காட்டவேண்டுமா, அல்லது யார் துணையுமின்றித் தானே செய்யவேண்டுமா என்ற நான்கு படிகளில் எந்தப் படி வேண்டும் என்பதும் குறிக்கப்பட்டிருக்கிறது.

இதைக் கிட்ட இருந்து பார்ப்பதற்கு, முதலாண்டு உடலியங்கியல் பிராக்டிகல் வகுப்பில் இரத்த அழுத்தம் பார்க்கக் கற்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். சக மாணவி ஒருத்தியை நாற்காலியில் சற்று நேரம் ஓய்வாக உட்காரவைத்து, கையை இதயத்தின் மட்டத்துக்கு மேஜைமேல் வைத்து, முழங்கை மடிப்புக்கு ஓர் அங்குலம் மேலே பட்டையைச் சுற்றிக் கட்டுகிறாள். உடனே ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிவிடக் கூடாது. முதலில் மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றை ஏற்றி, எந்த அளவில் நாடி விரலுக்கு எட்டாமல் மறைகிறது என்று குறித்துக்கொண்டு, காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, அதன் பிறகே ஸ்டெதாஸ்கோப்பை முழங்கையின் உட்பக்கத்துத் தமனிமேல் வைத்து, முன்பு குறித்த அளவுக்கு முப்பது மில்லிமீட்டர் மேலே ஏற்றி, விநாடிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டராக இறக்கவேண்டும். முதல் ஓசை கேட்கும் இடம் மேல் அளவு. ஓசை அடங்கும் இடம் கீழ் அளவு. இரண்டு முறை ஏற்றி இறக்குவது எதற்கென்றால், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் சிலருக்கு ஓசை கேட்டு, நடுவே சிறிது மௌனமாகி, மறுபடி கேட்கும். விரலால் முதலில் பார்க்காதவர்கள் அந்த மௌனத்துக்குள்ளேயே தொடங்கி, 180 இருக்கும் நோயாளிக்கு 140 என்று எழுதிவிடக்கூடும். புத்தகத்தில் இது இரண்டு வரி; விரல் நுனிக்குப் பழகுவதற்குப் பல நாள் பிடிக்கும்.

செய்து முடித்ததும் அவள் லாக்புக்கைத் திறக்கிறாள். அதில் திறனின் எண், செயலின் பெயர், தேதி, இது முதல் முயற்சியா, மறு முயற்சியா, குறை தீர்க்கும் பயிற்சியா என்ற விவரம், எதிர்பார்த்த அளவுக்குக் கீழா, சமமா, மேலா என்ற மதிப்பீடு, முடிந்தது, மறுபடி செய்க, சிறப்புப் பயிற்சி தேவை என்ற மூன்றில் ஆசிரியரின் முடிவு, அவருடைய கையெழுத்து, எல்லாவற்றுக்கும் கடைசியில், ஆசிரியர் சொன்ன குறைநிறைகளைக் கேட்டுக்கொண்டேன் என்பதற்கு மாணவியின் கையெழுத்து என்று கட்டங்கள் இருக்கின்றன. புதிய பாடத்திட்டத்தின் உயிர் இந்தக் கட்டங்களிலேதான் இருக்கிறது. நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் செய்வதை நின்று பார்த்துக் கையெழுத்திட ஆசிரியர்கள் போதுமான அளவில் வேண்டும்; அவர்களுக்கு நேரம் வேண்டும்; நேரத்தைவிட முக்கியமாக, மறுபடி செய்க என்று எழுதும் மனத்துணிவு வேண்டும். தேர்வு நெருங்கும் வாரத்தில் ஒரே அமர்வில் ஐம்பது கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும் வழக்கம் ஒரு கல்லூரியில் நுழைந்துவிட்டால், மூவாயிரம் திறன்களும் வெறுங்காகிதமாகிவிடும்.

பாஷையின் விஷயமும் இதில் சேர்ந்தது. 2019-ஆம் ஆண்டுத் திட்டத்தில், புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்கு முதல் மாதத்தில் 175 மணி நேரம் அடிப்படைப் பயிற்சி வைத்து, அதில் 40 மணி நேரத்தை வட்டார பாஷைக்கும் ஆங்கிலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒதுக்கினார்கள். நீட் தேர்வின் வழியாக எங்கெங்கிருந்தோ வந்து சேரும் பிள்ளைகளுக்கு, அதிலும் தமிழ்நாட்டிலிருந்து வங்காளம் போகும் பிள்ளைக்கு, இது அத்தியாவசியம். பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம். ஆனால் பஜ்பஜ் சணல் ஆலையிலோ மகேஷ்தலாத் தையற்கூடத்திலோ வேலை செய்து முதுகு வலியோடு வந்த மனிதர், தம் வலியை வங்காளியிலோ ஹிந்தியிலோதான் சொல்வார். வலி எப்போது தொடங்கியது, இரவில் எழுப்புகிறதா, சிறுநீர் தடைப்படுகிறதா என்று அவருக்குப் புரியும்படி கேட்கத் தெரியாதவனுக்கு எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பாதி வழிக்குத்தான் துணை வரும். நம்மவருக்கு இது புதிய செய்தியுமன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் கிறீன், 19-ஆம் நூற்றாண்டிலேயே நூல்களைத் தமிழாக்கி, மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். நோயாளியோடு பேசுவதும், கெட்ட செய்தியைச் சொல்வதும், சம்மதம் பெறுவதும், இரகசியத்தைக் காப்பதும் இப்போது 27 பாடப்பகுதிகளாக நான்கு கட்டங்களிலும் பரவியிருக்கின்றன. முன்பெல்லாம் இவை நல்ல ஆசிரியர் வாய்த்த பாக்கியசாலிகளுக்கு மட்டும் கிட்டியவை.

மருத்துவன் ஆஸ்பத்திரிக்கு வெளியேயும் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் போர் (Bhore) என்பவர் தலைமையில் 1946-இல் அறிக்கை தந்த கமிட்டியிலிருந்தே வருவது. நோய் வராமல் தடுக்கும் மருத்துவத்தில் மூன்று மாதப் பயிற்சி வேண்டுமென்று சொன்ன அக்கமிட்டியில் நம் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் அங்கம் வகித்தார். அதற்கும் முன்னால், 1932-இல் கல்கத்தாவில் தொடங்கிய அகில இந்தியச் சுகாதாரக் கழகம், 1939 முதல் ஹூக்ளி ஜில்லாவின் சிங்கூரைத் தன் களப்பயிற்சி நிலையமாக வைத்துக்கொண்டிருந்தது. அந்த மரபின் இன்றைய வடிவமே, 2022-இல் ஆணையம் கட்டளையிட்ட குடும்பத் தத்துத் திட்டம்: ஒவ்வொரு மாணவனும் மூன்று குடும்பங்களுக்குக் குறையாமல் பொறுப்பேற்று, படிப்புக் காலத்தில் அவர்கள் வீட்டுக்கு மீண்டும் மீண்டும் போய்வந்து உடல்நிலையைக் கவனிக்கவேண்டும். ஜோகாவைத் தாண்டினால் தெற்கு 24 பர்கனா ஜில்லா. கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த தோல் மருத்துவர் க்ஷிதீஷ் சந்திர சாஹா, 1983-இல், தம்மிடம் வந்த கிராமவாசிகளின் உடம்பில் மழைத்துளி போன்ற கரும்புள்ளிகளையும் உள்ளங்கையில் தடித்த காய்ப்புகளையும் கண்டு, அவர்கள் குடித்த குழாய்க்கிணற்று நீரில் ஆர்சனிக் என்னும் நஞ்சு கலந்திருப்பதைத் தெரிந்து வெளியிட்டாரே, அந்த நஞ்சு பரவிய ஜில்லாக்களில் இதுவும் ஒன்று. நோயாளியின் உள்ளங்கையைப் பார்த்தவுடன், உங்கள் வீட்டுக் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றும் புத்தி, அந்த வீட்டு முற்றத்தில் நின்று கிணற்றைப் பார்த்தவர்களுக்கே எளிதில் வரும். இத்திட்டத்தை வருகைப் பதிவுக்காகச் செய்யும் சடங்காக்கிவிடாமல் காப்பது கல்லூரிகளின் கடமை.

இனி, படிப்பு முடிந்தபின் வரும் ஓராண்டு ஆஸ்பத்திரிப் பயிற்சியான ஹவுஸ் சர்ஜன் ஆண்டு. ஐந்தரை ஆண்டுகளில் மிகவும் விலையுயர்ந்த பன்னிரண்டு மாதங்கள் இவை. 2021-ஆம் ஆண்டு விதிப்படி இதில் சமுதாய மருத்துவத்துக்கு 12 வாரம், மகப்பேற்றுக்கு 7, பொது மருத்துவத்துக்கும் அறுவைக்கும் 6 வீதம், அவசரச் சிகிச்சைக்கு 2 என்று சுற்றிச் சுற்றிப் பணி தரப்படுகிறது. பிரசவம் பார்ப்பது, காயத்தைத் தைப்பது, நெஞ்சு வலியோடு வந்தவருக்கு முதல் சில நிமிஷங்களில் என்ன செய்வதென்று கண நேரத்தில் தீர்மானிப்பது எல்லாம் இந்த ஆண்டில் பழகவேண்டியவை. ஆனால் இந்த ஆண்டைத்தான் முதுநிலை நுழைவுத் தேர்வு விழுங்குகிறது. நீட் பி.ஜி. என்னும் அத்தேர்வில் 200 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இரத்த அழுத்தத்தைச் சரியாகப் பார்த்தவர்களையும் பார்த்ததாக எழுதியவர்களையும் அந்த 200 கேள்விகளும் பிரித்துக் காட்டா. ஆகவே வார்டில் நிற்கவேண்டிய நேரத்தில் பிள்ளைகள் கைப்பேசியில் பயிற்சி வகுப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. எதற்கு மதிப்புத் தருகிறோமோ அதைத்தான் அவர்கள் படிக்கிறார்கள். நான்கரை ஆண்டு கைத்திறனை வளர்த்துவிட்டு, அடுத்த வாசலில் மனப்பாடத்தை மட்டும் நிறுத்துப் பார்ப்பது பெரிய முரண்பாடு. ஆணையம் இதைத் தீர்க்காதவரை புதிய பாடத்திட்டம் அரைகுறையாகவே நிற்கும் என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன்.

அது தீரும்வரை பெற்றோர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் இன்டர்னல் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், இந்த மாதம் எந்த நோயாளியின் அருகில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாய், லாக்புக்கில் எதை மறுபடி செய்யச் சொன்னார்கள் என்று கேளுங்கள். மறுபடி செய்யச் சொன்னார்கள் என்று பதில் வந்தால் வருந்தாதீர்கள். ஹவுஸ் சர்ஜன் ஆண்டிலேனும், பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டும் அவசரத்தை விட்டுவிட்டு, பிள்ளையை வார்டில் நிற்க விடுங்கள்.