ஆனிக் கொட்டையும் ஐப்பசி மழையும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது பிரம்மதேசம். அங்கிருந்து கடலை நோக்கிப் போகப்போக வயல்கள் குறைந்து, கடைசியில் உப்பளப் பாத்திகள் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கும். மழைக்காலம் நெருங்கினால் உப்புக் குவியல்கள்மேல் ஓலையோ தார்ப்பாயோ ஏறிவிடும். மழைக்கு உப்பு கரையும் என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். ஆனால் ஒரு துளி மழை விழாவிட்டாலும் ஈரக்காற்றுக்கே உப்பு கசியும். தூய உப்புக்கு அந்தக் கணக்கு துல்லியமானது: காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டும்வரை அது கல்லாக நிற்கும், தாண்டினால் தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மக்னீசியம் கலந்த நாட்டு உப்பு அதற்கு முன்பே கசிந்துவிடும். இந்தக் குணத்தை விதை ஆய்வுக்கூடங்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டிருக்கின்றன. மூடிய கண்ணாடிப் பாத்திரத்துக்குள் சோற்றுப்புக் கரைசலை அடியில் உப்பு மிஞ்சும் அளவுக்குக் கெட்டியாக வைத்தால், உள்ளிருக்கும் காற்று 75-லேயே நிற்கும். மக்னீசியம் குளோரைடை வைத்தால் 33-ல் நிற்கும். அந்தக் காற்றில் விதையைத் தொங்கவிட்டு, எந்த ஈரத்தில் எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்று கணக்கெடுக்கிறார்கள். விதையும் ஏறத்தாழ உப்பைப் போலத்தான், சுற்றியுள்ள காற்றோடு ஓயாமல் ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கும். உப்பு கசியும் காற்றில் திறந்து கிடக்கும் மாவு விதை தன் எடையில் நூற்றுக்கு 13, 14 பங்கு தண்ணீரைச் சுமந்துகொண்டிருக்கும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு வேப்பமரத்தைப் பார்க்கலாம். இந்தக் கரையில் வேம்பு பழுப்பது ஆனியிலும் ஆடியிலும். நட்ட கன்று பிழைத்துக்கொள்ளும்படியான பெருமழை வருவது ஐப்பசியில். நடுவில் ஏறக்குறைய நூறு நாள். வேப்பங்கொட்டையைச் சாக்கில் கட்டி மூலையில் போட்டால் சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தி போய்விடுகிறது. விதைச் சேமிப்பு என்றதும் நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-இல் திறந்த பனிமலைக் கிடங்கும், நூற்றாண்டுக்கணக்கில் காக்கும் திட்டங்களும் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவைதான். ஆனால் 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கி, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவதாக அரசு சொல்லியிருக்கும் நிலையில், கிராமத்து நாற்றங்காலுக்குத் தேவை நூற்றாண்டு அல்ல, இந்த நூறு நாள். இதைக் கடக்கக் குளிர்சாதனம் வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். என் வாதம் வேறு: குளிருக்கு முன்னால் உலர்த்தல். அதற்கும் முன்னால், உலர்த்தலாமா கூடாதா என்று அந்தந்த மரத்தைத் தெரிந்துகொள்ளுதல்.

விதைக்குள் ஈரம் இருக்கும்வரை அது மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, இருப்பைத் தின்கிறது, செல்லின் சவ்வுகள் கெடுகின்றன, பூஞ்சை குடியேறுகிறது. ஈரம் வற்றினால் எல்லாம் ஏறத்தாழ நின்றுபோகும். கலிபோர்னியாவின் விதை ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாரிங்டன் இதை ஒரு எளிய விதியாகச் சொன்னார்: விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் ஆயுள் இரு மடங்கு, வெப்பம் 5 பாகை குறைந்தால் ஆயுள் இரு மடங்கு. ஈரம் 5 முதல் 14 விழுக்காடு வரையிலான விதைக்கே, அதுவும் உலர்வைத் தாங்கும் விதைக்கே இது பொருந்தும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 14-லிருந்து 10-க்கு உலர்த்தினால் ஆயுள் பதினாறு மடங்காகிறது. 30 பாகையிலிருந்து 20-க்குக் குளிர்வித்தால் நான்கே மடங்கு. உலர்த்த நிழலும் காற்றும் மூடி இறுகும் டப்பாவும் போதும், குளிர்விக்க மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டும். சாக்கடல் ஓரத்து மசாடா மலைக்கோட்டையில் 1960-களில் தோண்டி எடுத்த பேரீச்சங்கொட்டைகள் இதற்குச் சாட்சி. ஏறத்தாழ 2000 ஆண்டு பழையவை, பிறகு நாற்பது ஆண்டு இழுப்பறையில் சாதாரண வெப்பத்தில் கிடந்தவை. அவற்றில் ஒன்று 2005-இல் முளைத்தது. அதுவும் உப்பு விளையும் பூமிதான், வெயிலும் நம்முடையதைவிடக் குறைவில்லை. இங்கே இல்லாதது அந்தக் காற்றின் வறட்சி.

இதற்கு உடனே ஒரு எதிர்ப்பு வரும். சீமைக் கருவேலங்காயை யார் உலர்த்தி வைத்தார்கள்? ஆடு தின்று போட்டது எத்தனை மழை கழித்தும் முளைக்கிறதே? கொன்றை, வாகை விதைகளைச் சாக்கில் போட்டு வைத்தாலும் ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லையே? உண்மைதான். ஆனால் அவற்றுக்குக் காப்பு சாக்கு அல்ல, தோல். இந்த இன விதைகளின் மேல்தோல் தண்ணீரே புகாத அளவுக்கு இறுகியது. வெளியே எவ்வளவு ஈரம் இருந்தாலும் உள்ளே இருக்கும் கரு வறட்சியிலேயே உட்கார்ந்திருக்கும். விதைக்கும் முன் வெந்நீரில் போடச் சொல்வது அந்தத் தோலைத் தளர்த்தத்தான். இப்படிப் பிழைத்துக்கொள்ளும் விதைகளைப் பார்த்தே எல்லா மர விதையும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம், வேம்பு அதில் பலியாகிறது. ஊருக்கு வேண்டாத சீமைக் கருவேலம் ஊரைப் பிடித்ததற்கும் இந்தத் தோல் ஒரு காரணம் என்பது வேறு கதை.

வேம்பின் கதை விஞ்ஞானிகளையே குழப்பியது. 1973-இல் எரிக் ராபர்ட்ஸ் விதைகளை இரண்டாகப் பிரித்தார்: உலர்த்தினால் நீடிப்பவை, உலர்த்தினால் சாகிறவை. 1990-இல் எல்லிஸ், ஹாங், ராபர்ட்ஸ் மூவரும் காப்பி விதையை வைத்து நடுவே மூன்றாவது வகை ஒன்று உண்டு என்றார்கள். வேம்பை ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் ஒவ்வொரு வகையில் சேர்த்தது. புர்க்கினா பாசோ நாட்டின் மொக்தார் சக்கான்டே, நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் 2000-இல் அளித்த ஆய்வேடு இந்த முடிச்சை நிறைய அவிழ்த்தது. ஈரம் மிகுந்த வேப்பவிதைக்குக் குளிரே விஷம். நன்றாக உலர்ந்ததற்குக் குளிர் ஒன்றும் செய்வதில்லை, ஆனால் அதைத் திடீரென்று குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் சவ்வு கிழிந்து செத்துப்போகிறது. வெதுவெதுப்பான நீரில் ஊறினால் பிழைக்கிறது. கிடங்கில் செத்தது என்று எழுதிவைத்த விதைகளில் சில, ஊறவைத்த பாத்திரத்தில் செத்திருக்கலாம். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, சேமிப்பு டப்பாவை மூடும்போது தொடங்குவதல்ல, பழம் பறிக்கும்போதே தொடங்குகிறது என்பது. பச்சை மஞ்சளாகும் பருவத்தில் எடுத்து, சதை புளித்துச் சூடேறும் முன்பே, முடிந்தால் அன்றைக்கே பிசைந்து கழுவி, வெயிலில் காய்ச்சாமல் நிழலில் பரப்பிக் காய வைத்தால் அந்த நூறு நாள் பெரிய தூரமில்லை. தரையில் பத்து நாள் கிடந்து பொறுக்கியது எண்ணெய்க்கு ஆகும், நாற்றுக்கு ஆகாது.

நாவலுக்கு இந்த வழி உதவாது. அதன் விதை உலர்த்தினால் சாகிற வகை. பழம் தின்ற வாரத்திலேயே மண்ணைப் பார்க்க வேண்டும். கழிமுகச் சேற்றில் வளரும் வெண்கண்டலோ மரத்திலேயே முளைவிடத் தொடங்கிவிடுகிறது, தூங்கும் நிலை என்பதே அதற்கு இல்லை. உலகத் தாவரங்களில் உலர்த்தினால் சாகும் விதை கொண்டவை நூற்றுக்கு எட்டு என்று ஒரு மதிப்பீடு உண்டு. ஈரமான பசுமைமாறாக் காடுகளின் மரங்களில் ஏறத்தாழ பாதி. இவற்றை நூறு நாள் கடத்த ஒரே கிடங்கு நாற்றங்கால்தான்: ஆனியில் பையில் ஊன்றினால் ஐப்பசியில் கையில் இருப்பது விதையல்ல, கன்று. தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், செலவு கூடும் என்பது நியாயமான குறை. செத்த விதையை விதைத்துவிட்டு மழையைக் குறை சொல்வதைவிட மலிவு என்பதே என் பதில்.

வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: காய்ந்த விதையாக, காற்றுப் புகாத பாட்டிலில், வெளியே எடுத்ததும் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டுத் திறப்பதாக இருந்தால் வையுங்கள். ஈர வேப்பங்கொட்டையைக் காகிதப் பையில் வைப்பது அதைக் கொல்வதற்கான வழி. நம் முன்னோர் சாம்பலிலும் மண்பானையிலும் வைத்தார்களே என்பது இன்னொரு கேள்வி. சாம்பல் வண்டைத் தடுக்கும், கொஞ்சம் ஈரத்தையும் இழுக்கும். பருப்பு விதைக்குச் செம்மண் கட்டியதும் நல்ல அறிவுதான். ஆனால் அவை பயிர் விதைகள், உலர்வைத் தாங்குபவை. மண்பானை மூச்சு விடுவது, கடற்கரையில் உள்ளே போவது கடற்காற்று. விதைப்பந்துகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஈரக் களிமண்ணில் உருட்டும்போது விதை தண்ணீர் குடித்து விழித்துவிடுகிறது, பிறகு பந்தோடு காய்கிறது. வாகையின் கடினத்தோல் அதைப் பொறுத்துக்கொள்ளும். பாதி விழித்த வேம்பு பொறுக்காது. கோடையில் ஆயிரக்கணக்கில் உருட்டிப் படமெடுத்து வைப்பவர்கள், எந்த விதை உள்ளே இருக்கிறது என்று முதலில் பார்க்கலாம்.

வேப்பவிதையை உலர்த்தி, மைனஸ் 196 பாகை திரவ நைட்ரஜனில் வைத்துக் காக்க முடியும் என்று டெல்லியின் தேசியத் தாவர மரபணு வளப் பணியகத்தின் ஆய்வாளர்கள் 1990-களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்கள். ஓர் இனம் அழியாமல் காக்க அது வேண்டும். ஆனால் மரக்காணம் பக்கத்து உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களை மறுபடி வளர்க்க நினைப்பவருக்குக் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடுதான் கிடங்கு. பறவை தின்று பரப்பும் சதைப்பழ மரங்கள் அங்கே ஆண்டுதோறும் புது விதை தருகின்றன. ஒரு புயல் அதைச் சாய்த்துவிடாதா என்றால், சாய்க்கலாம். ஒரே கிடங்கை நம்பக் கூடாது என்பதற்கு அது காரணமே தவிர, இருப்பதைக் குறைத்து மதிப்பிடுவதற்கு அல்ல.

விதை போதுமான அளவு காய்ந்ததா என்று பார்க்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. நன்றாகக் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு கைப்பிடி வறண்ட உப்பு, அதன்மேல் கொஞ்சம் விதை, மூடிக் குலுக்கிக் கால்மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு பாட்டிலின் சுவரில் ஒட்டினால் விதையின் ஈரம் 15-க்கு மேல். தானியத்துக்காக ஏற்பட்ட சோதனை இது, எண்ணெய் மிகுந்த வேப்பவிதைக்குத் தோராயமாகவே பொருந்தும். ஒட்டாவிட்டாலும் 15-க்குக் கீழே வந்துவிட்டது என்றுதான் அர்த்தம், போதும் என்று அல்ல. நிழலில் இன்னும் சில நாள் கிடக்கட்டும்.