குதிரையின் காலைக் கெடுக்கும் வயிறு

புதுவையைச் சுற்றியுள்ள கிராமங்களில் அய்யனார் கோயில் முன் நிற்கும் மண் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆடு, மாடுகளுக்குக் குளம்பு இரண்டாகப் பிளந்திருக்கும். குதிரைக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு காலிலும் ஒரே விரல்தான். அந்த விரலின் நகம்தான் குளம்பு. ஆகவே குதிரை நான்கு நகங்களின் மேல் நிற்கிறது என்று சொன்னால் தவறில்லை.

400 கிலோ எடையுள்ள ஒரு குதிரையை எடுத்துக்கொள்வோம். அதன் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. அதாவது, சும்மா நிற்கும்போதே ஒவ்வொரு முன்குளம்பின் மேலும் 120 கிலோ! பாய்ந்து ஓடும்போது இது பல மடங்காகும். இவ்வளவு பளுவை ஒரு நகம் எப்படித் தாங்குகிறது?

தொங்கும் எலும்பு

குளம்புக்குள் ஓர் எலும்பு இருக்கிறது. அது குளம்பின் அடித்தட்டில் முழுப் பளுவோடு உட்கார்ந்திருப்பதில்லை. குளம்புச் சுவரின் உட்புறத்தில் ஏறத்தாழ 600 மெல்லிய மடிப்புகள் உள்ளன. ஒவ்வொரு மடிப்பிலும் நூற்றுக்கு மேற்பட்ட குட்டி மடிப்புகள். எலும்பைப் போர்த்திய திசுவிலும் இதே போன்ற மடிப்புகள் உண்டு. இரு கைவிரல்களையும் கோத்துக்கொள்வதுபோல இவை ஒன்றோடொன்று கோத்து எலும்பைத் தொங்கவிட்டிருக்கின்றன. பரப்பு கூடினால் பிடிப்பும் கூடும் அல்லவா? இந்த மடிப்புகளுக்கு உணவும் ஆக்சிஜனும் கொண்டுவருபவை நுண்ணிய இரத்தக் குழாய்கள்.

வீங்க இடமில்லாத வீக்கம்

உங்களில் யாருக்காவது நகச்சுற்று வந்ததுண்டா? விண் விண் என்று தெறிக்கும். கையில் வேறிடத்தில் அதே அளவு புண் வந்தால் அவ்வளவு வலிப்பதில்லை. காரணம், நகத்தடியில் வீங்க இடமில்லை.

உடலில் ஓரிடம் பாதிக்கப்பட்டால் அங்கே இரத்தம் கூடுதலாகப் பாயும். குழாய்களிலிருந்து நீர் கசியும். வெள்ளணுக்கள் வந்து சேரும். இதுவே அழற்சி. தோல் நெகிழ்ந்து கொடுக்கும். குளம்போ கெட்டியான பெட்டி. உள்ளே நீர் சேரச் சேர அழுத்தம் ஏறி, நுண்குழாய்களை நசுக்குகிறது. மடிப்புகள் பட்டினி கிடக்கின்றன. கோத்த விரல்கள் நழுவுகின்றன. எலும்பு கீழே இறங்குகிறது. சில சமயம் அடித்தட்டையே துளைத்துவிடுகிறது. இந்த நோய்க்கு லாமினைட்டிஸ் என்று பெயர்.

குழாய் கொஞ்சம் சுருங்கினால் என்ன என்று கேட்கலாம். இங்கே ஓர் இயற்பியல் விதி குறுக்கிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்த விதி அது. அவர் பெயரைப் பாடநூலில் பாய்ஸொய் என்று படிப்பீர்கள். பிரெஞ்சு தெரிந்த புதுவைப் பெரியவர்களைக் கேட்டால் புவாசேய் என்பார்கள். மெல்லிய குழாயில் பாயும் திரவத்தின் அளவு, குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அழுத்த வேறுபாடு மாறாதிருக்க, ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது. பதினாறில் ஒரு பங்காகிவிடும்!

இளநீர்க் கடையில் தரும் பருத்த உறிஞ்சுகுழலையும், பழச்சாற்றுப் பெட்டியோடு வரும் மெல்லிய குழலையும் ஒரே நீளத்துக்கு வெட்டி, தண்ணீரை உறிஞ்சிப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

குற்றவாளி எங்கே?

நோய் குளம்பில், ஆனால் பெரும்பாலும் காரணம் வயிற்றில். குதிரையின் வயிறு புல்லுக்காக அமைந்தது. சோறும் தானியமும் அளவுக்கு மீறிப் போனால், செரிக்காத மாவுப்பொருள் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்குகின்றன. குடலின் உட்சுவர் கெடுகிறது. நச்சுப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து, குளம்பில் அழற்சியை மூட்டுகின்றன.

இன்னொரு வழியும் உண்டு. அது ஹார்மோன் வழி. கொழுத்த, வேலையில்லாத குதிரைக்கு இனிப்பான தீனி கொடுத்தால் இரத்தத்தில் இன்சுலின் மிகுகிறது. 2007இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், நோயற்ற மட்டக் குதிரைகளுக்கு இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தினார்கள். இரத்தச் சர்க்கரை ஏறவோ இறங்கவோ விடவில்லை. மூன்று நாளுக்குள் அவற்றுக்கு லாமினைட்டிஸ் வந்துவிட்டது! ஆகவே மிகையான இன்சுலினே நோயை உண்டாக்கப் போதும் என்று தெளிவாயிற்று.

இன்சுலின் இரத்தக் குழாய்களுக்கு இரண்டு கட்டளைகள் தருகிறது. நைட்ரிக் ஆக்சைடு மூலம் 'விரி' என்கிறது. எண்டோதீலின் மூலம் 'சுருங்கு' என்கிறது. நலமான உடலில் இரண்டும் சமனாயிருக்கும். இன்சுலினுக்கு உடல் மசியாத நிலையில் 'சுருங்கு' என்பதே ஓங்குகிறது. அதோடு, மிகையான இன்சுலின் மடிப்புகளிலுள்ள செல்களையே நீண்டு தளரச் செய்கிறது. இதையே ஆய்வாளர்கள் இன்று முக்கியமாகக் கருதுகிறார்கள்.

பாண்டியர் காலத்துக் குதிரைகள்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகத்துக்கு மார்க்கோ போலோ வந்தார். பாண்டியர்கள் அரபு, பாரசீக நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கியதாகவும், அவற்றில் மிகச் சிலவே ஆண்டு முடிவில் உயிரோடு இருந்ததாகவும் எழுதுகிறார். அவற்றுக்கு இறைச்சி சேர்த்து வேகவைத்த சோறு போட்டார்களாம். லாடம் அடிக்கத் தெரிந்தவர்களும் இல்லையாம். வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியரோ, வறுத்த பார்லியும் வெண்ணெய் கலந்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்ததாகச் சொல்கிறார். எல்லாக் குதிரைகளும் லாமினைட்டிஸால் இறந்தன என்று சொல்ல முடியாது. வெயிலும் மற்ற நோய்களும் இருந்தன. ஆனால் புல் தின்னும் பிராணிக்கு இது ஏற்ற தீனி அல்ல என்பது நமக்குத் தெரியும். அன்போடு ஊட்டிய உணவே நஞ்சாகியிருக்கலாம்.

நாம் செய்யக்கூடியது

சவாரிக் குதிரைக்கு வெல்லமோ மிச்சச் சோறோ கொடுக்காதீர்கள். குதிரை முன்னங்கால்களை நீட்டி, பின்னால் சாய்ந்து நின்றால், குளம்பு தொட்டால் சுட்டால், அது சோம்பலோ முரண்டோ அல்ல, வலி. அதை அடித்து நடக்கவைப்பது, தளர்ந்த மடிப்புகளை மேலும் கிழிக்கும். தானியத்தை நிறுத்தி, மெத்தென்ற மணலில் நிற்கவிட்டு, கால்நடை மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே பனிக்கட்டி நீரில் காலைக் குளிர்விப்பது சேதத்தைக் குறைக்கிறது.

மாட்டுக்கும் இது பொருந்தும். மாட்டுப் பொங்கலன்று பசுவுக்கு ஒரு கைப்பிடி பொங்கல் ஊட்டுங்கள், பானையோடு வைத்துவிடாதீர்கள். மீதி வயிற்றுக்குப் புல்லும் வைக்கோலும்தான் விருந்து.