இன்ஜின் இறக்கும் முன் கலவை அறையைப் பாருங்கள்

பழைய வேன் ஒன்றை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருப்பவருக்கு, அதன் இன்ஜினைத் தானே இறக்கிப் பார்க்கும் ஆசை என்றைக்காவது ஒருநாள் வந்தே தீரும். அப்போது காதில் விழும் அறிவுரைகள் இரண்டு. ‘அது மெக்கானிக் வேலை, வீட்டில் வைத்துச் செய்யாதே’ என்பது ஒன்று. ‘தெருவில் பத்துப் பேர் கை கொடுத்தால் அரை மணியில் இறக்கிவிடலாம்’ என்பது இன்னொன்று. இரண்டையுமே ஏற்க முடியாது. வீட்டில் தாராளமாக இறக்கலாம். ஆனால், பத்துப் பேரைக் கூப்பிடும்போதே ஆபத்தும் கூடவே வந்துவிடுகிறது. இந்த வேலைக்குத் தேவையான ஒழுங்கை விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் வெளியில் தேட வேண்டியதில்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் அறைக்கு என்ன விதிகளோ, வேன் நிற்கும் வாசலுக்கும் ஏறக்குறைய அதே விதிகள்தான்.

முதலில், வீட்டில் முடியுமா என்ற கேள்வி. படுக்கையும் அடுப்பும் வைத்த பயண வேன் என்றாலே உலகத்தின் நினைவுக்கு வருவது ஃபோக்ஸ்வாகன் டைப் 2. 1950-ல் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கிய அந்த வண்டிக்கு இன்ஜின் பின்புறம். காற்றிலேயே குளிர்வதால் ரேடியேட்டரும் இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை. கியர் பாக்ஸோடு இன்ஜினைப் பிணைத்திருப்பவை நான்கே போல்ட்டுகள். பெட்ரோல் குழாய், ஆக்சிலேட்டர் கேபிள், ஹீட்டர் கேபிள்கள், சில ஒயர்கள், தாங்கிகள் ஆகியவற்றைக் கழற்றிவிட்டால், அடியில் ஜாக்கி கொடுத்துப் பின்னால் இழுத்துக் கீழே இறக்கிவிடலாம். மெக்கானிக் வேலை தெரியாத சாதாரண மனிதர்களுக்காகவே அமெரிக்க இன்ஜினியர் ஜான் முயர் 1969-ல் ஃபோக்ஸ்வாகன் பராமரிப்புக் கைப்புத்தகம் ஒன்றை எழுதினார். அதைப் பிரித்து வைத்துக்கொண்டு வீட்டு முற்றத்தில் இன்ஜின் இறக்கிய தலைமுறையே அங்கே உண்டு. ஆகவே, பட்டறைக்கு வெளியே இது முடியாத காரியம் என்ற பேச்சு நிற்காது.

நம் பக்கத்தில் ஃபோக்ஸ்வாகன் வேன் அபூர்வம். மேட்டடார், வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு 20, மாருதி வேன் ஆகியவைதான் நமக்குப் பழகியவை. இவற்றில் மேட்டடாருக்கும் ஃபோக்ஸ்வாகனுக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. ஹாம்பர்க்கின் டெம்போ நிறுவனம் 1949-ல் கொண்டுவந்த முதல் மேட்டடாரில் ஓடியது ஃபோக்ஸ்வாகன் இன்ஜின். 1952-ல் அந்த சப்ளை நின்றதும் வேறு இன்ஜினுக்கு மாறினார்கள். பஜாஜ் டெம்போ 1969 முதல் இங்கே தயாரித்த மேட்டடாரோ டீசல் வண்டி. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், மூடிக்குக் கீழே இன்ஜின். முன்சக்கர இழுவை என்பதால் இன்ஜின், கியர் பாக்ஸ், சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் எல்லாமே முன்பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். 1984-ல் வந்த மாருதி வேனில் 796 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கிப் பிளக் மாற்றலாம். இன்ஜினையே எடுக்க வேண்டுமென்றால் வண்டியின் வயிற்றுப் பக்கமாகத்தான் இறக்க வேண்டும். வண்டிக்கு வண்டி வழி மாறினாலும், மனிதன் பக்கத்தில் இருக்கும்போதே கனமான பொருள் ஒன்று கீழே வருகிறது. அதற்கு முன்பே எரிபொருள் குழாய் திறக்கப்படுகிறது. இந்த இரண்டும் எந்த வண்டியிலும் மாறுவதில்லை.

இரண்டில் பெட்ரோலை முதலில் பார்ப்போம். பெட்ரோல் தீப்பிடிக்கக்கூடிய ஆவியை வெளியிட வெயில் தேவையில்லை. மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் அது ஆவி விடும். விருதுநகரின் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுக்கு அந்த ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளப் போதும். அது காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம் என்பதால் மேலே கிளம்பிக் கலைந்து போகாது. தரையோடு தவழ்ந்து, பள்ளம் தேடி, கதவிடுக்கு வழியாக உள்ளே போகும். உள்ளே சாமி விளக்கு எரிகிறது. அடுப்படியில் கேஸ் அடுப்பு இருக்கிறது. ஃபிரிட்ஜ் தானாக ஆன் ஆகிறது. இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. பட்டறையைவிட வீட்டில்தான் பொறி பிறக்கும் இடங்கள் அதிகம். ஃபோக்ஸ்வாகனில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் கிராங்க் கேஸ் மக்னீசியக் கலவையால் வார்த்தது. கட்டியாக இருக்கும் வரை அது சுலபத்தில் பற்றாது. பழைய ரப்பர் ஹோஸ் வெடித்துக் கசிந்த பெட்ரோலில் தீ பிடித்து, அந்தச் சூட்டில் உலோகமும் எரியத் தொடங்கிவிட்டால், தண்ணீர் ஊற்ற ஊற்ற வேகம் கூடும். உலோகத் தூளையும் ஈரத்தையும் சேர விடக்கூடாது என்று சிவகாசியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அலுமினியம் பவுடர் கலந்த மருந்து ஈரம் பட்டுத் தானாகச் சூடேறுவதை எத்தனையோ விபத்து விசாரணைகளில் படித்திருக்கிறோம்.

இப்போது கலவை அறைக்கு வருவோம். 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் அதன் கீழ் வந்த 2008 விதிகளும் பட்டாசு ஆலையைப் பல சிறு அறைகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து வைக்கக் கூடாது. பொறி கிளப்பும் இரும்புக் கருவி, செல்போன், ஆணி அடித்த செருப்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. கலவை வேலையை வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார்கள். மேற்பார்வைக்குப் போர்மேன் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரே அடிப்படைதான். தவறு நடக்கவே நடக்காது என்று இந்த விதிகள் நம்பவில்லை. நடந்தால் இழப்பு எத்தனை பேரோடு, எவ்வளவு மருந்தோடு நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன.

இதை வாசலுக்குக் கொண்டுவருவது கடினமே இல்லை. முந்தின நாளே டேங்க் பெட்ரோலை, திறந்த வெளியில், இறுக்கி மூடும் உலோகக் கேனில் இறக்கி, வீட்டுக்கு எட்டத்தில் வைத்துவிட வேண்டும். விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்திருக்க 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் இடம் தருகிறது. சட்டம் விட்டது என்பதற்காக அதை மாடிப்படிக்கு அடியில் வைக்கக் கூடாது. பேட்டரியில் முதலில் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் வண்டியின் பாடியில் பட்டால் பளிச்சென்று பொறி தெறிக்கும். நெகட்டிவ் கழன்றிருந்தால் அந்தச் சுற்றே இல்லை. இரும்பு ஸ்பேனர் இல்லாமல் இந்த வேலை நடக்காது என்பது உண்மை. அதனால்தான் இங்கே வரிசை முக்கியமாகிறது: எரிபொருளும் மின்சாரமும் வெளியேறிய பிறகே இரும்பு உள்ளே வர வேண்டும். வேலை நடக்கும் காலைப் பொழுதில் வாசலை ஒட்டிய அறையில் விளக்கு, ஊதுவத்தி, அடுப்பு எதுவும் வேண்டாம். பவுடர் தீயணைப்பானும் காய்ந்த மணல் வாளிகளும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அடுத்தது எடை. ஃபோக்ஸ்வாகன் இன்ஜினே நூறு கிலோவைத் தாண்டும். டீசல் இன்ஜின்கள் இன்னும் கனம். வேப்பமரக் கிளையில் கயிறு போட்டுத் தூக்கும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. கிளையின் உள்ளே செல்லரித்திருப்பது வெளியே தெரியாது; இழுக்கும் கயிறு முடிச்சில் நழுவும். பட்டாசு விபத்துகளிலும் இந்த மரத்தடி திரும்பத் திரும்ப வருகிறது. அறைக்குள் செய்ய வேண்டிய வேலையை மரத்தடியில் வைத்துச் செய்வது, ஆய்வுக்குப் போகும் அதிகாரிகள் கண்டுபிடிக்கும் வழக்கமான விதிமீறல்களில் ஒன்று. நிழல் இருக்கிறது என்பது மட்டும் ஓர் இடத்தை வேலைக்குத் தகுதியாக்கிவிடாது. கரிசல் காட்டில் போர்வெல் மோட்டார் தூக்குகிறவர்கள் முக்காலியும் செயின் பிளாக்கும் வைத்திருக்கிறார்கள். அதை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதே மேல். கீழ்வழியாக இறக்கும் வண்டிக்கு ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரும்பு ஸ்டாண்டு போட வேண்டும். ஹாலோ பிளாக் கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். கியர் பாக்ஸின் ஷாஃப்ட் கிளட்சிலிருந்து முழுதாக வெளியே வரும்வரை இன்ஜின் நேராகவே நகர வேண்டும். எடை முழுவதும் அந்த ஷாஃப்ட்டில் தொங்கினால் கிளட்ச் பிளேட் வளையும், இன்ஜின் ஒரு பக்கம் சாயும். ‘இன்னும் கொஞ்சம் இழு’ என்று பின்னாலிருந்து பத்துக் குரல் கேட்கும் நேரமும் அதுதான்.

ஆகவேதான் பத்துப் பேர் வேண்டாம் என்கிறேன். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்ல. புகையைப் பார்த்து உதவவும் வேடிக்கை பார்க்கவும் ஓடி வந்தவர்கள், அடுத்தடுத்த வெடிப்புகளில் சிக்கினார்கள். கூட்டம் கூடுவதால் வேலை பத்திரமாவதில்லை. பலியாகும் எண்ணிக்கைதான் கூடுகிறது. இன்ஜின் இறக்க மூன்று பேர், அதிகம் போனால் நான்கு பேர் போதும். அதில் ஒருவர் ஸ்பேனரையே தொடாமல் ஜாக்கியையும் சங்கிலியையும் பார்த்துக்கொண்டு, ‘நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரத்தோடு நிற்க வேண்டும். ஆலையில் போர்மேன் பார்க்கும் வேலை அது. பிள்ளைகள் தெருவின் அடுத்த முனையில் இருக்கட்டும்.

இதற்கு மறுப்புகள் வரும். ‘பட்டறையில் பீடி பிடித்துக்கொண்டே கார்புரேட்டர் கழற்றுகிறார்களே, ஒன்றும் ஆகவில்லையே’ என்பார்கள். ஒன்றும் ஆகாத நாள்களைக் கணக்கில் வைத்துப் பேசுவதுதான் விதிமீறும் ஆலை உரிமையாளரின் வாதமும். விபத்துக்கு முந்தைய நாள் வரை எல்லா ஆலையிலும் ஒன்றும் ஆகவில்லைதான். பட்டறை திறந்த கொட்டகை. வீட்டில் முதியவரும் குழந்தையும் தூங்குகிறார்கள். ‘பெட்ரோலும் வெடிமருந்தும் ஒன்றா, இது மிகை’ என்ற மறுப்பில் பாதி நியாயம் இருக்கிறது. வெடிமருந்துக்குள்ளேயே ஆக்சிஜன் தரும் உப்பு இருக்கிறது. பெட்ரோல் ஆவிக்குக் காற்று வேண்டும். ஆனால், வீட்டுக்குள் காற்றுக்கு எங்கே பஞ்சம்? ‘என்னுடையது டீசல் வண்டி’ என்பவருக்குத் தீ ஆபத்து குறைவு. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எடை ஆபத்து அவருக்குத்தான் கூடுதல்.

‘இவ்வளவு தொல்லைக்கு மெக்கானிக்கிடமே விட்டுவிடலாமே’ என்ற கேள்விதான் இருப்பதில் வலுவானது. அவசரமாக வண்டி வேண்டியவர் அப்படியே செய்யட்டும். ஆனால், நாற்பது வருடப் பழைய வண்டிக்கு உதிரிபாகம் தேடவே மாதக்கணக்கில் ஆகலாம். தினமும் பத்து வண்டி வந்து போகும் பட்டறையில் அதுவரை கழற்றிய நட்டும் வாஷரும் கலக்காமல் இருப்பது சிரமம். வீட்டில் ஒவ்வொன்றையும் டப்பாவில் போட்டுச் சீட்டு எழுதி வைக்கலாம். கழற்றும் முன் போட்டோ எடுக்கலாம். வேலைக்குத் தேவையான பொறுமை வீட்டுக்காரரிடம்தான் இருக்கிறது. இறக்குவது வீட்டில், ரீபோரும் ஹெட் பேசிங்கும் லேத் பட்டறையில் என்று பிரித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். சட்டத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். அதே இன்ஜினைப் பழுது பார்த்து ஏற்றினால் சிக்கல் இல்லை. வேறு இன்ஜின் மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண் மாறும், அதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 50 ஆண்டுகளைத் தாண்டிய வாகனங்களுக்கு 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவும், சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான்.

உரிமம் இல்லாமல் வீட்டில் பட்டாசு செய்வதைச் சட்டம் தடுக்கிறது. வீட்டில் இன்ஜின் இறக்குவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. எந்த அதிகாரியும் ஆய்வுக்கு வரப்போவதில்லை. எனவே, விதி போடுகிறவரும் அதைச் சோதிக்கிறவரும் வண்டிக்காரரே. பெட்ரோல் வெளியேறிவிட்டதா, பேட்டரி கழன்றதா, எடைக்கு உறுதியான தாங்கல் இருக்கிறதா, ஆள் நான்குக்குள் நிற்கிறதா? இந்த நான்குக்கும் ‘ஆம்’ என்று சொல்ல முடிந்தால் தைரியமாகக் காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். ஒன்றுக்கு இல்லையென்றாலும், வேனைக் கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்துப் போய்விடுங்கள்.